முப்பத்தைந்து பேருக்கான மருந்து

2025 செப்டம்பர் 22 முதல் 33 உயிர்காக்கும் மருந்துகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி முற்றிலும் நீக்கப்பட்டிருக்கிறது. அதுவரை அவற்றின் மீது 12 விழுக்காடு வரி இருந்தது. புற்றுநோய்க்கும் அரிய நோய்களுக்குமான வேறு மூன்று மருந்துகளின் 5 விழுக்காடு வரியும் நீங்கியது. அதே ஆண்டு பிப்ரவரியில் தாக்கலான மத்திய நிதிநிலை அறிக்கையில் 36 மருந்துகளுக்கு அடிப்படைச் சுங்க வரியிலிருந்து முழு விலக்கு அளிக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்க நடவடிக்கைகள் என்பதில் ஐயமில்லை.

வரி நீங்கிய பட்டியலைப் படித்துப் பார்த்தால், ஸ்பெசோலிமேப், மெபோலிசுமேப், எமிசிசுமேப் என ‘மேப்’ என்று முடியும் பெயர்கள் பல தென்படும். மோனோகுளோனல் ஆன்டிபாடி, அதாவது ஒரே குறியைத் தாக்குமாறு ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட எதிரணு என்பதைச் சுட்டும் ஈறு அது. ஸ்பெசோலிமேப், உடலெங்கும் சீழ்க்கொப்புளங்கள் பரவும் அரிய வகைச் சொரியாசிஸ் நோய்க்கானது. நம் நோயெதிர்ப்பு அமைப்பு நம்மையே தாக்கும் அரிய நோய்கள் பலவற்றுக்கு இன்று இத்தகைய எதிரணு மருந்துகளே உயிர்நாடி.

ஆனால், வரிக்குறைப்பால் பயன்பெறுவோர் யார் என்று பொருளியல் படித்தவன் கேட்டாக வேண்டும். வரியுடன் 11 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்கு விற்ற மருந்து வரி நீங்கிப் பத்து லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். முதல் விலையைத் தட்டுத்தடுமாறிக் கொடுக்கக்கூடிய குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்கென அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்தால் 33,600 ரூபாய். அந்த வருவாயை நம்பியிருக்கும் வீட்டுக்கு 11 லட்சமும் பத்து லட்சமும் ஒரே எண்தான். (உள்நாட்டில் தயாராகும் மருந்துக்கு வரி விலக்கு அளித்தால், மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் தயாரிப்பாளர் திரும்பப் பெற முடியாது, ஆகவே விலை முழு 12 விழுக்காடும் இறங்குவதில்லை. இந்த நுணுக்கம் செய்தித் தலைப்புகளில் இடம்பெறுவதில்லை.)

இந்தக் கட்டுரையில் நான் பேச விரும்புவது ஒரு நோயைப் பற்றியும், அதற்கான இரண்டு எதிரணு மருந்துகளைப் பற்றியும்தான். ஒன்று சில ஆயிரங்களில் எண்ணப்படுவது. மற்றொன்று கோடிகளில் எண்ணப்படுவது. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சங்கராபுரத்திலிருந்து பார்க்கிறேன்.

நோயின் பெயர் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. 1894இல் பிரான்சின் லியோன் நகர மருத்துவர் யூஜின் டெவிக் இதை விவரித்ததால் டெவிக் நோய் என்றும் சொல்வார்கள். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் இது தாக்குகிறது. நீண்ட காலம் இதனை மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் மற்றொரு நரம்பு நோயின் ஒரு வகையாகவே கருதிவந்தார்கள். நரம்பு மண்டலத்தில் நீரைக் கடத்தும் அக்வாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிராக உடலே ஓர் எதிரணுவை உற்பத்தி செய்கிறது என்பது 2004க்குப் பிறகுதான் தெளிவாயிற்று. அந்த எதிரணுவை இரத்தத்தில் கண்டறிந்தால் இது வேறு நோய் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். உறுதி செய்வது அவசியமும்கூட. ஏனெனில், மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரப்படும் இன்டர்ஃபெரான் போன்ற சில மருந்துகள் இந்நோயை மேலும் மோசமாக்கும்.

இந்நோய்க்கு ஆளாவோரில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். அதுவும் பெரும்பாலும் முப்பதுகளின் பிற்பகுதியிலும் நாற்பதுகளிலும், அதாவது குடும்பத்தின் முழுப் பாரத்தையும் தூக்கும் வயதில். நோய் மெல்ல மெல்ல அரிப்பதில்லை. தாக்குதல் தாக்குதலாக வருகிறது. ஒவ்வொரு தாக்குதலும் எதையாவது பறித்துக்கொண்டு போகும். ஒரு கண்ணின் பார்வை போகலாம், கால்கள் செயலிழக்கலாம், சிறுநீர்க் கட்டுப்பாடு போகலாம். போனது பெரும்பாலும் முழுமையாகத் திரும்புவதில்லை. ஆகவே அடுத்த தாக்குதல் வராமல் தடுப்பதே சிகிச்சையின் சாரம்.

என்னிடம் பொருளியல் படித்த மாணவர் ஒருவர் சங்கராபுரம் வட்டத்தில் கரும்பும் மரவள்ளியும் பயிரிடுகிறார். அவருடைய மனைவிக்கு இந்நோய். முதலில் வலது கண்ணில் வலியும் மங்கலும் ஏற்பட்டபோது கண்ணாடி மாற்றித் தந்தார்கள். சில மாதங்கள் கழித்து விக்கலும் வாந்தியும் நாள்கணக்கில் நிற்காமல் தொடர்ந்தன. வயிற்றுப்புண் என்று மருந்து கொடுத்தார்கள். நிற்காத விக்கலும் வாந்தியும் இந்நோயின் முக்கிய அறிகுறிகளுள் ஒன்று என்பதை நானே பின்னர்தான் அறிந்தேன். மூளைத்தண்டின் ஒரு சிறு பகுதி தாக்கப்படுவதால் அவை வருகின்றன. கால்கள் மரத்துப்போன பிறகு ஒரு பெரிய மருத்துவமனையில் எம்ஆர்ஐ எடுத்து, இரத்தப் பரிசோதனை செய்து நோயைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் வலது கண் பார்வை போய்விட்டது.

அவருக்கு எழுதித் தரப்பட்ட மருந்து ரிட்டுக்சிமேப். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக மெதுவாக ஏற்றுவார்கள். இரண்டு ஆண்டுகள் எந்தத் தாக்குதலும் இல்லை. வயலுக்குப் போனார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார். பிறகு ஒரு பருவத்தில் கரும்புக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. ‘பணம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம்’ என்று மருந்தேற்றுவதை நான்கு மாதம் தள்ளிப்போட்டார்கள். இடது காலில் தாக்குதல் வந்தது. இப்போது கோல் ஊன்றி நடக்கிறார்.

அந்த மாணவர் என் வீட்டுக்கு வந்தபோது கேட்டது இதுதான்: “சார், காப்பீட்டுக்குக் கேட்டா, மருந்துப் பெட்டியில வேற நோயோட பேருல்ல இருக்குன்னு சொல்றாங்க. டாக்டரே எழுதிக் கொடுத்த மருந்துக்கு ஏன் சார் இப்படி?” ஒரு மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அவருக்குக் கிடைத்த பதில் அது. முப்பதாண்டுகளுக்கும் மேல் வகுப்பறையில் சந்தையின் இயல்புகளைப் பற்றிப் பேசியவன் நான். இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல ஒரு பாடத்திட்டமே வேண்டியிருக்கிறது.

ரிட்டுக்சிமேப் 1997 நவம்பரில் அமெரிக்காவில் நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றுக்காக அனுமதிக்கப்பட்டது. இரத்தத்தில் எதிரணுக்களை உருவாக்கும் பி அணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு குறியைப் பற்றி, அந்த அணுக்களை அழிப்பது அதன் வேலை. எதிரணுவால் வரும் நோயை எதிரணுவாலேயே தணிப்பது, முள்ளை முள்ளால் எடுப்பது போன்றது. புற்றுநோய்க்குப் பிறகு முடக்குவாதத்துக்கும் இம்மருந்து அனுமதி பெற்றது. நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவுக்கு இதை மருத்துவர்கள் தம் அறிவையும் ஆய்வுகளையும் நம்பி உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பெரும்பாலான நாடுகளில் மருந்தின் உரிமச்சீட்டில் இந்நோயின் பெயர் இல்லை.

இந்தியாவில் இம்மருந்து எப்படி மலிவானது என்பது தனிக் கதை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துகளுக்குச் செய்முறைக் காப்புரிமை மட்டுமே தந்தது; பொருளுக்கான காப்புரிமை 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகே வந்தது. பழைய கண்டுபிடிப்பான ரிட்டுக்சிமேப்புக்கு இங்கே பொருள் காப்புரிமை இல்லை. 2007இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் ‘ரெடிட்டக்ஸ்’ என்ற பெயரில் அதன் பயோசிமிலரை, அதாவது மூல மருந்தை ஒத்த உயிரியல் மருந்தை, ஏறத்தாழ பாதி விலையில் கொண்டுவந்தது. எதிரணு மருந்து ஒன்றை இப்படி ஒத்த மருந்தாகத் தயாரித்து விற்க முடியும் என்று உலகுக்குக் காட்டிய தொடக்க முயற்சிகளில் அது ஒன்று. பின்னர் ஹெட்டிரோ, இன்டாஸ் முதலிய நிறுவனங்களும் வந்தன. விலை மேலும் இறங்கியது. ஒத்த உயிரியல் மருந்துகளுக்கெனத் தனி வழிகாட்டு நெறிமுறை 2012இல்தான் இந்தியாவில் வந்தது என்பதால், தொடக்ககாலத் தரம் குறித்து எழுந்த கேள்விகளைப் புறந்தள்ளிவிட முடியாது. எனினும் இத்தனை ஆண்டுப் பயன்பாடு அந்த ஐயத்தைப் பெருமளவு தணித்திருக்கிறது. இன்று பிராண்டையும் அளவையும் பொறுத்து, ஒரு நோயாளிக்கு ஆண்டுச் செலவு சில பத்தாயிரங்களிலிருந்து ஒன்றிரண்டு லட்சம் வரை ஆகலாம்.

இனி மற்றொரு மருந்துக்கு வருவோம். எக்குலிசுமேப் 2019 ஜூனில் இந்நோய்க்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து. 2020இல் இனெபிலிசுமேப், சாட்ரலிசுமேப், 2024இல் ராவுலிசுமேப் ஆகியவை தொடர்ந்தன. எக்குலிசுமேப்பின் ஆய்வு முடிவு வியப்பூட்டக்கூடியது. 143 பேர் பங்கேற்ற சோதனையில், மருந்து பெற்ற 96 பேரில் மூவருக்கு மட்டுமே மீண்டும் தாக்குதல் வந்தது. போலி மருந்து பெற்ற 47 பேரில் இருபது பேருக்கு வந்தது. மருந்தின் திறனில் குறை சொல்ல ஏதுமில்லை. விலைதான் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலருக்கும் மேல். நம் கணக்கில் நான்கு கோடி ரூபாயைத் தாண்டும்.

நோயாளிகள் சிலர் என்பதால் ஆய்வுச் செலவை அந்தச் சிலரிடமே வசூலிக்க வேண்டியிருக்கிறது என்பது நிறுவனங்களின் வாதம். அரிய நோய் மருந்துகளுக்கு ஏழாண்டு தனியுரிமை தரும் அமெரிக்கச் சட்டம் 1983இல் வந்ததும் இந்த வாதத்தின் அடிப்படையில்தான். வாதம் முற்றிலும் பொய்யானதன்று. அத்தகைய ஊக்கம் இல்லையெனில் பல மருந்துகள் பிறந்தே இருக்கமாட்டா. ஆனால், எக்குலிசுமேப்பின் விற்பனை 2020இல் ஓராண்டில் மட்டும் 400 கோடி டாலரை ஒட்டியிருந்தது. அதை உருவாக்கிய அலெக்சியான் நிறுவனத்தை 2021இல் ஆஸ்ட்ராசெனகா 3,900 கோடி டாலருக்கு வாங்கியது. செலவை மீட்பது என்ற சொல் இந்த எண்களுக்குப் பொருந்தவில்லை. தனியுரிமை உள்ளவர், வாங்குபவரின் தாங்குதிறன் எதுவரையோ அதுவரை விலையை உயர்த்துவார் என்பது முதலாண்டு பொருளியல் பாடம். அமெரிக்காவில் தாங்குபவை காப்பீட்டு நிறுவனங்கள்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. எல்லா ‘மேப்’களுக்கும் தாயான தொழில்நுட்பத்தை 1975இல் கேம்பிரிட்ஜில், பிரிட்டிஷ் அரசின் நிதியில் இயங்கிய மருத்துவ ஆராய்ச்சி மன்ற ஆய்வகத்தில் ஜார்ஜஸ் கோஹ்லரும் சீசர் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தார்கள். 1984இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறப்படவே இல்லை. பொதுப்பணத்தில் விளைந்த அறிவின் மீதே இன்றைய தனியுரிமைகள் எழுந்து நிற்கின்றன.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருகிறேன். பழைய, மலிவான மருந்தின் உரிமச்சீட்டில் இந்நோயின் பெயரை ஏன் யாரும் சேர்க்கவில்லை? சேர்க்க வேண்டுமெனில் முறையான மருத்துவச் சோதனை நடத்த வேண்டும்; அதற்குப் பெரும் பணம் வேண்டும். காப்புரிமை முடிந்துபோன ஒரு மருந்துக்கு ஒரு நிறுவனம் அந்தப் பணத்தைச் செலவிட்டால், அதன் பயன் போட்டி நிறுவனங்கள் அனைத்துக்கும் போய்ச் சேரும். ஆகவே எவரும் செலவிடுவதில்லை. விலை குறைந்த மருந்து என்பதே அதற்குச் சான்று திரட்டுவதற்குத் தடையாகிவிடுகிறது. கலங்கரை விளக்கை ஏன் தனியார் கட்டுவதில்லை என்று வகுப்பில் பொதுப்பண்டத்துக்கு எடுத்துக்காட்டுச் சொல்வோமே, அதே நிலை. கலங்கரை விளக்கை அரசு கட்ட வேண்டும்.

ஜப்பான் கட்டியது. அங்கே எட்டு மருத்துவமனைகளில், அரசு நிதியின் துணையோடு, 38 நோயாளிகளைக் கொண்டு மருத்துவர்களே ஒரு சோதனையை நடத்தினார்கள். 2020இல் வெளியான முடிவின்படி, 72 வார காலத்தில் ரிட்டுக்சிமேப் பெற்ற 19 பேரில் ஒருவருக்குக்கூடத் தாக்குதல் வரவில்லை. போலி மருந்து பெற்ற 19 பேரில் ஏழு பேருக்கு வந்தது. சிறிய சோதனைதான். இருப்பினும் 2022இல் ஜப்பான் அரசு இந்நோய்க்கு ரிட்டுக்சிமேப்பை முறையாக அனுமதிக்க அது போதுமானதாயிற்று. தம்பி முறையிலான மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு ரிட்டுக்சிமேப்பை, அதன் பயோசிமிலர்களையும் சேர்த்து, உலக சுகாதார அமைப்பு 2023இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏற்றிக்கொண்டது. அந்நோய்க்கும் உரிமச்சீட்டில் அதன் பெயர் இல்லை. சான்று இருந்தது, அதைப் பார்த்து முடிவெடுத்தார்கள்.

இந்தியாவில் இதற்கான வாசல் அடைபட்டிருக்கவில்லை. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் அனுமதி பெற்ற அரிய நோய் மருந்துகளுக்கு உள்நாட்டுச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று மத்திய அரசு 2024 ஆகஸ்டில் அறிவித்தது. பட்டியலில் ஜப்பான் இருக்கிறது. ஆனால், அந்த வாசலை இதுவரை பெரிதும் நாடுபவர்கள் புதிய விலையுயர்ந்த மருந்துகளின் இறக்குமதியாளர்களாகவே இருப்பார்கள் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. அவர்களுக்குத்தான் விண்ணப்பிப்பதில் லாபம். பழைய மருந்துக்காக விண்ணப்பிக்க வேண்டிய பொறுப்பை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமோ ஒரு மாநில அரசோ ஏற்க வேண்டும்.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் 20 லட்சம் ரூபாயாக இருந்த உதவி வரம்பு 2022இல் 50 லட்சமாக உயர்த்தப்பட்டது. குறிப்பிட்ட உயர்சிறப்பு மையங்களின் வழியாகவே உதவி கிடைக்கும். தமிழ்நாட்டில் அத்தகைய மையம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. கொள்கையில் இடம்பெற்ற நோய்களில் பெரும்பாலானவை பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறுகள் என்பதால் இந்த ஏற்பாடு புரிந்துகொள்ளத்தக்கதே. முப்பத்தெட்டு வயதில் கண் மங்கும் பெண்ணை மனத்தில் வைத்து அமைந்த கொள்கை அன்று இது. மேலும், ஆயுள் முழுவதும் தேவைப்படும் மருந்துக்கு மொத்த உதவிக்கு ஒரு வரம்பு வகுப்பது, ஆற்றின் பாதிவரை பாலம் கட்டுவதற்கு ஒப்பாகும்.

இனி நம் மாவட்டத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மங்களூரை உள்ளடக்கிய தென் கன்னடப் பகுதியில் நடந்த ஆய்வு ஒன்று, ஒரு லட்சம் பேரில் 2.6 பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஒரு வட்டாரத்து ஆய்வை மற்றொரு வட்டாரத்துக்கு அப்படியே பொருத்துவதில் உள்ள இடரை நான் அறிவேன். திட்டமிடுவதற்கு இது ஒரு தொடக்கம். 2011 கணக்கெடுப்பின்படி கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதியின் மக்கள்தொகை ஏறத்தாழ 13.7 லட்சம். அப்படியெனில் இம்மாவட்டத்தில் இந்நோய் உள்ளவர்கள் முப்பத்தைந்து பேர். ஆளுக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் என்று தாராளமாகவே கணக்கிட்டாலும், ரிட்டுக்சிமேப்புக்கு ஆகும் தொகை 52.5 லட்சம் ரூபாய். கொள்கைப்படி ஒரே ஒரு நோயாளிக்குரிய உச்சவரம்புக்குச் சற்றே அதிகம். அந்த ஒருவருக்குக் கொடுக்கக்கூடாது என்பது என் கருத்தன்று. ஒரு நோயாளியை இன்னொரு நோயாளியோடு மோதவிடும் கணக்கு அறமற்றது. இந்த முப்பத்தைந்து பேரையும் காப்பாற்றும் செலவு எவ்வளவு சிறியது என்று காட்டவே ஒப்பிட்டேன். அதே முப்பத்தைந்து பேருக்கும் அமெரிக்க விலையில் எக்குலிசுமேப் வாங்கினால் ஆண்டுக்கு 140 கோடியைத் தாண்டும். எந்த அரசாலும் ஆகாத காரியம்.

மாநிலம் முழுமைக்கும் பார்த்தால், 7.2 கோடி மக்களில் ஏறத்தாழ 1,900 பேர். ஆண்டுக்கு 28 கோடி ரூபாய். மொத்தமாகக் கொள்முதல் செய்தால் இதுவும் கணிசமாகக் குறையும். அந்தக் கலையைத் தமிழ்நாட்டுக்கு வேறு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1994 ஜூலையில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலத்தின் அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒப்பந்தப்புள்ளியில் மருந்து வாங்கும் முறையை நிறுவியது. விலை சரிந்தது, தட்டுப்பாடு குறைந்தது, கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இந்த வழியைப் பின்பற்றின. ஒரு பெரிய வாங்குநர் பல விற்பவர்களை எதிர்கொள்ளும்போது விலை என்னவாகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் நடத்தியதில்லை. ரிட்டுக்சிமேப்புக்கோ தயாரிப்பாளர்கள் பலர் இருக்கிறார்கள். போட்டி உள்ள சந்தையில் அரசு இறங்கினால் பலன் உடனே தெரியும். காப்புரிமை உள்ள மருந்துகளில் அது நடக்காது.

அரிய நோய் மருந்துகளின் விலைச் சுவரில் விரிசல் விழாமல் இல்லை. முதுகுத்தண்டுத் தசைச்சிதைவு நோய்க்கான ரிஸ்டிப்ளாம் வழக்கில், நாட்கோ நிறுவனத்தின் பொது மருந்துக்குத் தடைவிதிக்க தில்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. ஆறு லட்சம் ரூபாயையொட்டிய குப்பி 15,900 ரூபாய்க்கு வந்தது. ஆனால் ரிஸ்டிப்ளாம் வேதிமுறையில் தயாராகும் சிறு மூலக்கூறு. எதிரணு மருந்துகள் உயிரணுக்களில் வளர்க்கப்படுபவை; ஒத்த மருந்தை உருவாக்கப் பல ஆண்டுகளும் பெரும் முதலீடும் ஆகும். ஒரு தீர்ப்பு வந்த மறுநாள் விலை சரியும் என்று அங்கே எதிர்பார்க்க இயலாது. அதனால்தான் கையில் ஏற்கெனவே இருக்கும் எதிரணு மருந்தை விட்டுவிடக்கூடாது என்கிறேன்.

எதிர்வாதங்கள் உள்ளன. ரிட்டுக்சிமேப் விளையாட்டு மருந்தன்று. உடலில் ஒளிந்திருக்கும் ஹெபடைட்டிஸ்-பி கிருமியை அது தட்டி எழுப்பக்கூடும், நோய்த்தொற்றுகள் கூடும், முதன்முறை ஏற்றும்போது காய்ச்சல், நடுக்கம், இரத்த அழுத்தக் குறைவு ஏற்படலாம். முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்து, கண்காணிப்பில் வைத்து, சில மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். எல்லா நோயாளிக்கும் இது வேண்டியதுமில்லை; அசதியோபிரின், மைக்கோபினோலேட் போன்ற மாத்திரைகளில் கட்டுப்படுகிறவர்களும் உண்டு. மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது அது. என் கேள்வி, மருத்துவர் தீர்மானித்த பிறகு என்ன நடக்கிறது என்பது மட்டுமே.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. இந்நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிட்டுக்சிமேப் ஏற்றுவது, நோயின் பெயரோடு, ஐயத்துக்கு இடமின்றித் திட்டத்தின் விலைப்பட்டியலில் இருக்க வேண்டும். காப்பீட்டு மேசையில் அமர்ந்திருப்பவர் பெட்டியின் மேலுள்ள எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கும் நிலை இருக்கலாகாது. நரம்பியல் நிபுணர் ஒருவரின் சான்றும் அக்வாபோரின் பரிசோதனை முடிவும் போதும் என்று ஒரே ஓர் அரசாணை சொல்லிவிட்டால், அந்த மேசையில் வாதத்துக்கு இடமிராது.

தூரமும் ஒரு விலைதான். எங்கள் வட்டத்து நோயாளி சென்னைக்குப் போக வேண்டுமெனில் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல், துணைக்கு ஒருவர், இருவருக்கும் இரண்டு நாள் கூலி போகும். கல்வராயன் மலையிலிருந்து வருகிறவர் முதலில் மலையிலிருந்து இறங்க வேண்டும். அதற்கே ஒரு பகல் கழிந்துவிடும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி சங்கராபுரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. முதல்முறை பெரிய மருத்துவமனையில் ஏற்றி, ஒத்துக்கொண்டது என்று உறுதியான பின், அடுத்தடுத்த முறைகளை இங்கேயே ஒரு பகல் படுக்கையில் ஏற்றலாம். முப்பத்தைந்து பேர், ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு வார இடைவெளியில் இரு நாள் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 140 படுக்கை நாள்கள். ஒரே ஒரு படுக்கை, ஆண்டின் பாதி நாள்கூட நிரம்பாது.

இவையெல்லாம் நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு. நான் சொன்ன முப்பத்தைந்து பேரில் எத்தனை பேர் இன்னும் கண்ணாடி மாற்றிக்கொண்டும் வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டும் இருக்கிறார்கள்? முதல் தாக்குதலிலேயே அதிக அளவு ஸ்டீராய்டு ஊசியும், தேவைப்பட்டால் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையும் நாள் தள்ளாமல் கொடுத்தால் பார்வையையும் காலையும் பெருமளவு மீட்க முடியும். அக்வாபோரின் பரிசோதனைக்கான இரத்தத்தை இங்கேயே எடுத்து அனுப்பலாம்; நோயாளி போக வேண்டியதில்லை. மங்களூரின் நரம்பியல் ஆய்வாளர்கள் இப்பரிசோதனையைக் குறைந்த செலவில் உள்நாட்டிலேயே செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். சென்னையின் அரசு ஆய்வகம் ஒன்றில் அதை நிறுவுவது பெரிய முதலீடு ஆகாது.

தேர்தல் அறிக்கைகள் எழுதப்படும் காலம் இது. முப்பத்தைந்து பேர் எந்தத் தொகுதியின் முடிவையும் மாற்றமாட்டார்கள்; அவர்களில் சிலருக்கு வாக்குச்சாவடிப் படிக்கட்டில் ஏறுவதே கடினம். ஆகவே அறிக்கைக் குழுக்களிடம் இதைக் கொண்டுபோவதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. மருத்துவப் பணிகள் கழகத்தின் அடுத்த கொள்முதல் பட்டியலில் ஒரு வரி, காப்பீட்டுத் திட்டத்தின் விலைப்பட்டியலில் ஒரு வரி, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு ஒரு விண்ணப்பம் ஆகிய மூன்றையும் சட்டமன்றத்துக்குப் போகாமலே அதிகாரிகள் செய்ய முடியும். அவற்றுக்கும் முன்பாக, மாவட்ட அளவில் ஒரு பதிவேடு தொடங்கலாம். வெள்ளிமலையிலும் சங்கராபுரத்திலும் உள்ள அரசு மருத்துவர்களுக்கு ஒற்றைத் தாளில் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்: வலியோடு ஒரு கண் மங்கினாலும், விக்கலும் வாந்தியும் இரண்டு நாளுக்கு மேல் நிற்காவிட்டாலும், கால்கள் திடீரென மரத்தாலும், அந்தப் பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டு அன்றே கள்ளக்குறிச்சிக்கு அனுப்புங்கள். என் மாணவரின் மனைவிக்கு அடுத்த மருந்து வரும் பங்குனியில். இம்முறை கரும்புப் பணத்துக்காகக் காத்திருக்கப் போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். மரவள்ளியை முன்கூட்டியே விலை பேசிவிட்டாராம்.